விமானம் அதேதான், வசனமும் அதேதான்

1957இல் ‘ஸீரோ அவர்’ என்றொரு அமெரிக்கப் படம் வந்தது. நடுவானில் பறக்கும் விமானத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு மீன் எடுத்துக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுகிறார்கள். விமானிகளும் விழுகிறார்கள். பயணிகளில் ஒருவர் போர்க்காலத்தில் விமானம் ஓட்டியவர். அங்கே தன் முடிவால் தோழர்கள் செத்துப்போனதை மறக்க முடியாமல், விமானி இருக்கை என்றாலே நடுங்குகிறவர். அவர்தான் இப்போது விமானத்தைத் தரையிறக்க வேண்டும். படம் முழுக்க வியர்த்த நெற்றியும் இறுகிய தாடையும்தான். சிரிக்க ஓர் இடம் கிடையாது. எடுத்தவர்களின் கணக்குப்படி கிடையாது.

1980இல் ஜிம் ஆபிரகாம்ஸ், டேவிட் ஸக்கர், ஜெர்ரி ஸக்கர் என்ற மூன்று பேர் அந்தப் படத்தின் உரிமையை முறைப்படி விலைக்கு வாங்கி, அதே கதையை ‘ஏர்ப்ளேன்!’ என்று எடுத்தார்கள். நாயகனின் பெயரில்கூட ஓர் எழுத்தை மாற்றியதோடு சரி. பல வசனங்கள் அப்படியே இருக்கின்றன. விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும், ராத்திரி மீன் சாப்பிடாதவராகவும் இருக்க வேண்டும், அப்படி ஓர் ஆள் கிடைப்பாரா என்ற பேச்சு இரண்டு படத்திலும் வரும். முதல் படத்தில் அது வயிற்றைக் கலக்கும் நெருக்கடி. இரண்டாவதில் அதைக் கேட்டு அரங்குகள் அதிர்ந்தன. சுமார் 35 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

அண்மையில் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். கூடவே பார்த்த நண்பர் என்னைவிடப் படங்களில் ஊறியவர். ‘ஏர்ப்ளேன்!’ முடிந்ததும், “இதில் என்ன இருக்கிறதென்று இப்படி விழுந்து விழுந்து சிரிக்கிறீர்கள்?” என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார். இந்த மாதிரி நேரத்தில் ‘ரசனை ஆளுக்கு ஆள் மாறும்’ என்று சொல்லி முடித்துக்கொள்வது வழக்கம். அது பொய்யில்லை, ஆனால் எதையும் விளக்குவதும் இல்லை. சோகப் படத்தில் ஏறக்குறைய எல்லாரும் ஒரே இடத்தில்தான் கண்ணைத் துடைக்கிறோம். பேய்ப் படத்தில் ஒரே இடத்தில்தான் துள்ளுகிறோம். நகைச்சுவையில் மட்டும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு நடுவே இவ்வளவு பெரிய இடைவெளி ஏன் விழுகிறது? அண்மையில் பார்த்த சில படங்களை வைத்து இதற்கு எனக்குத் தோன்றும் பதில் இதுதான்: துன்பத்தில் மாட்டிக்கொண்ட ஆளுக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை வைத்தே சிரிப்பு பிறக்கிறது. படம் ஒரு தூரத்தில் நம்மை நிறுத்தப் பார்க்கிறது. நாம் ஏற்கெனவே வேறொரு தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறோம்.

‘ஏர்ப்ளேன்!’ அந்தத் தூரத்தை எப்படி உண்டாக்குகிறது என்று பாருங்கள். மூத்த நடிகர்கள் யாரும் சிரிப்பு நடிகர்கள் இல்லை. ராபர்ட் ஸ்டாக், லாயிட் பிரிட்ஜஸ், பீட்டர் கிரேவ்ஸ் எல்லாரும் விறைப்பான பாத்திரங்களில் பழகிய முகங்கள். மருத்துவராக வரும் லெஸ்லி நீல்சனும் அதுவரை அப்படித்தான். இந்தப் படத்துக்குப் பிறகுதான் அவர் நகைச்சுவை நடிகர் ஆனார். நீங்கள் நடிப்பது சிரிப்புப் படம் என்பதையே மறந்துவிட்டு நடியுங்கள் என்பதுதான் இயக்குநர்களின் எதிர்பார்ப்பு. எனவே முகங்களில் பழைய படத்தின் பதற்றம் அப்படியே இருக்கிறது. மாறியது நாயகனின் வலி. முதல் படத்தில் அவருடைய போர்க்கால நினைவுதான் கதையின் உயிர். இரண்டாவது படத்தில் அவர் அதே சோகக் கதையைப் பக்கத்து இருக்கைக்காரர்களிடம் சொல்லத் தொடங்குகிறார். கேட்ட பாட்டி தூக்கில் தொங்குகிறார். அடுத்து வந்து உட்கார்ந்த ஜப்பானியர் வாளை எடுத்து வயிற்றில் செருகிக்கொள்கிறார். மூன்றாமவர் தலையில் பெட்ரோலை ஊற்றிக்கொள்கிறார். மூன்று சாவு, ஒரு துளி இரக்கமும் நமக்கு வருவதில்லை. அவர்கள் மனிதர்கள் என்று நம்புவதற்கு வேண்டிய ஒரு நொடியைக்கூடப் படம் நமக்குக் கொடுப்பதில்லை.

நண்பருக்குச் சிக்கல் வேறு இடத்தில். 1970இல் ‘ஏர்போர்ட்’ வந்ததிலிருந்து அந்தப் பத்தாண்டு முழுக்க ஹாலிவுட்டில் பேரழிவுப் படங்களின் பெருமழை. விமானம் விழும், கப்பல் கவிழும், கட்டடம் எரியும்; கன்னியாஸ்திரீ, நோயாளிச் சிறுமி, காதல் முறிந்த ஜோடி என்று பயணிகள் பட்டியலும் மாறாது. 1980இன் ரசிகர்களுக்கு அது மனப்பாடம். மனப்பாடமான ஒன்றைத் தலைகீழாகச் சொல்லும்போதுதான் பகடி வேலை செய்யும். என் நண்பர் அந்த வகைப் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் முகத்தில் ஈயாடாத ஆட்கள் அபத்தமாகப் பேசுவது மட்டும். வேடிக்கை என்னவென்றால், இன்று ‘ஸீரோ அவர்’ படத்தைத் தேடிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ‘ஏர்ப்ளேன்!’ பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான். அதனால் அந்தப் பாவப்பட்ட மூலப்படத்தையே இப்போது யாராலும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பார்க்க முடிவதில்லை. நானும் முடியாமல் போனவன்தான்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டவர்கள் நிறையப் பேர். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உணர்ச்சிகள் வெளியே தெரியும் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்று அது பிறக்கும் இடங்கள் நான்கு. பிறரை இகழ்வது, பிள்ளைத்தனம், அறியாமை, சொன்னதை ஆராயாமல் அப்படியே நம்பிவிடுவது. எந்தச் சிரிப்புப் படத்தை எடுத்துக்கொண்டாலும் இந்த நான்கில் ஒன்றிலாவது போய் விழும். சாப்ளினின் நாடோடியிடம் பிள்ளைத்தனம், நூற்றுக்கணக்கான ஆள்மாறாட்டக் கதைகளில் எதையும் நம்பிவிடும் பெரிய மனிதர். எள்ளல் என்பதை உரைகாரர்கள் இரண்டாகப் பிரிப்பது இன்னும் சுவையானது: நாம் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரித்துக்கொள்வது இன்னொன்று. ஒரே எள்ளல், நிற்கும் இடம் இரண்டு.

மேலை நாட்டுத் தத்துவவாதிகளில் தாமஸ் ஹாப்ஸ் 17ஆம் நூற்றாண்டில் சொன்னது இதில் முதல் பாதி: அடுத்தவனைவிட நான் மேல் என்று திடீரெனத் தோன்றும் பெருமிதமே சிரிப்பு. இம்மானுவேல் காண்ட் 1790இல், விறைப்பாக ஏறிக்கொண்டிருந்த எதிர்பார்ப்பு சட்டென்று ஒன்றுமில்லாமல் போவதே சிரிப்பு என்றார். இவர்களைவிட, திரைப்படத்துக்கு நெருக்கமாக வருகிறவர் ஆன்ரி பெர்க்ஸன். 1900இல் சிரிப்பைப் பற்றிய அவருடைய நூல் வந்தபோது சினிமா தவழ்ந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்கென்றே எழுதியதுபோல இருக்கும் அவர் சொன்ன ஒரு விஷயம்: சிரிக்க வேண்டுமானால் இதயம் சற்று நேரம் மரத்துப்போக வேண்டும். வழுக்கி விழுந்தவனுக்கு வலிக்குமே என்று நினைத்த அந்தக் கணத்தில் சிரிப்பு போய்விடும்.

இதயம் எவ்வளவு மரத்துப்போக வேண்டும் என்பதில்தான் சாப்ளின் ரசிகர்களும், மௌனப்பட காலத்தின் இன்னொரு நகைச்சுவை நாயகரான பஸ்டர் கீட்டனின் ரசிகர்களும் பிரிகிறார்கள். 1928இன் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ படத்தில் ஒரு காட்சி. புயல் ஊரையே புரட்டிப்போடுகிறது. கீட்டன் தெருவில் நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு வீட்டின் முகப்புச் சுவர் முழுதாகப் பெயர்ந்து அவர்மேல் சாய்கிறது. மாடிச் சன்னல் திறந்திருந்த இடம் சரியாக அவர் தலைக்கு மேல் வர, சன்னலின் நடுவே அவர் நின்றபடியே நிற்கிறார். இதில் தந்திரக் காட்சி ஏதும் இல்லை. நிஜமான கனமான சுவர், இருபுறமும் சில அங்குல இடைவெளி, காலை வைக்கத் தரையில் அடையாளம். கேமரா தள்ளி நிற்கிறது. வீடு, சுவர், ஆள் மூன்றும் ஒரே சட்டகத்தில். நெருக்கத்தில் முகத்தைக் காட்டி நம்மை உலுக்கும் எண்ணம் கீட்டனுக்கு இல்லை. சுவர் விழுந்த பிறகும் அவர் முகத்தில் சலனம் குறைவு. பயந்தாரா, வலித்ததா என்று கேட்க வழியே வைப்பதில்லை. அதனால் நாம் பார்ப்பது ஒரு மனிதனின் ஆபத்தை என்பதைவிட, ஒரு வடிவக்கணிதம் துல்லியமாக விடையோடு முடிவதை.

சாப்ளினிடம் நேர்மாறு. ‘தி கோல்ட் ரஷ்’ (1925) படத்தில் பசிக்குக் காலணியை வேகவைத்து, ஆணிகளை எலும்புபோல உறிஞ்சிச் சாப்பிடும் காட்சியை எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது அதற்குப் பின்னால் வருவது. புத்தாண்டு இரவில் விருந்துக்கு அழைத்த பெண்கள் வரவில்லை. காத்திருந்து தூங்கிப்போன நாடோடி, அவர்கள் வந்துவிட்டதாகக் கனவு காண்கிறான். இரண்டு ரொட்டிகளில் முள்கரண்டிகளைக் குத்தி, அவற்றையே கால்களாக்கி மேசைமேல் நடனமாடிக் காட்டுகிறான். குட்டிக் கால்கள், அதன்மேல் சாப்ளினின் பெரிய தலை. அவ்வளவு அழகு. விழித்தால் அறை காலி. சிரிப்பைத் துயரத்தின் மடியில் உட்கார வைத்திருக்கிறார் சாப்ளின். சிரித்த பிறகு அழவும் வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய படம் இல்லை. எனக்கு, உண்மையைச் சொன்னால், கையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கிறது. நண்பரோ கீட்டனைப் பார்த்து, “இந்த ஆள் மனுஷனா, கம்பியா?” என்றார். பெர்க்ஸன் கேட்டிருந்தால் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருப்பார். உயிருள்ள ஒன்று இயந்திரம்போல நடந்துகொள்வதுதான் சிரிப்புக்குக் காரணம் என்பது அவருடைய இன்னொரு வாதம்.

கீட்டனின் ‘தி ஜெனரல்’ (1926) வெளியானபோது என் நண்பரைப் போன்றவர்கள்தான் அதிகம். பாலம் உடைந்து நிஜ ரயில் எஞ்சின் ஆற்றில் விழும் காட்சிக்காகவே பெருஞ்செலவு செய்த படம். விமர்சனங்களும் சுமார், வசூலும் சுமார். அதோடு கீட்டனின் சுதந்திரம் ஆட்டம் கண்டது, 1928இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்குள் போனவர் தன் போக்கில் படமெடுக்கும் நிலைக்குத் திரும்பவே இல்லை. 1989இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டுக்கு முதன்முறையாகப் படங்களைத் தேர்ந்தெடுத்தபோது அந்த 25இல் ‘தி ஜெனரல்’ ஒன்று. படம் மாறவில்லை.

தூரத்தைக் காலமும் கூட்டிக் குறைக்கும். எர்ன்ஸ்ட் லூபிட்சின் ‘டு பி ஆர் நாட் டு பி’ 1942இல் வந்தது. நாஜிகள் பிடித்துவைத்திருக்கும் வார்சாவில் ஒரு நாடகக் குழு ஹிட்லர் வேடமெல்லாம் போட்டு எதிரியை ஏமாற்றும் கதை. போலந்து எரிந்துகொண்டிருக்கும்போது இது என்ன விளையாட்டு என்று பல விமர்சகர்கள் கொதித்தார்கள். பெர்லினில் பிறந்த யூதரான லூபிட்ச் மனசாட்சி இல்லாமல் எடுத்தார் என்று சொல்வது கடினம். ஆனாலும் அன்றைய ரசிகனுக்கு வார்சா என்பது காலைச் செய்தித்தாள். இன்று நமக்கு அது வரலாறு, எனவே சிரிக்க முடிகிறது. எதிர்ப்பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சாப்ளின் 1940இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுத்தார். வதைமுகாம்களின் கொடூரம் முழுதாக அப்போதே தெரிந்திருந்தால் அந்தப் படத்தை எடுத்திருக்க முடியாது என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். தெரிந்துகொண்டது அவரை நெருக்கத்துக்கு இழுத்துவிட்டது.

இந்த வரிசையில் நான் பார்த்ததிலேயே அதிகம் யோசிக்க வைத்தது 1964இன் இரட்டையர். ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’, ‘ஃபெயில் சேஃப்’ இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே கொலம்பியா நிறுவனத்திலிருந்து வந்தவை. கதையும் கிட்டத்தட்ட ஒன்றே: அமெரிக்க அணுகுண்டு விமானங்கள் அதிபரின் உத்தரவில்லாமலே ரஷ்யாவை நோக்கிக் கிளம்பிவிடுகின்றன, திரும்பக் கூப்பிட முடியவில்லை. ஸ்டான்லி குப்ரிக் முதலில் ஸ்ட்ரேஞ்ச்லவை ஒரு சீரியஸ் நாவலிலிருந்து சீரியஸ் படமாகத்தான் எழுதத் தொடங்கினார். எழுத எழுத, அபத்தமாக இருக்கிறதே என்று விலக்க வேண்டியிருந்தவைதான் உண்மைக்கு நெருக்கமாக இருந்தன என்று கண்டு நகைச்சுவைக்கு மாறினார்.

இரண்டு படத்திலும் அமெரிக்க அதிபர் ரஷ்யத் தலைவரிடம் தொலைபேசியில் பேசுகிறார். ‘ஃபெயில் சேஃப்’ படத்தில் ஹென்றி ஃபோண்டா ஒரு சின்ன அறையில், பக்கத்தில் இளம் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கத்துக் குரல் நமக்கும் கேட்கிறது. கேமரா அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு சொல் பிசகினால் நகரங்கள் போய்விடும் என்பது அந்த மொழிபெயர்ப்பாளரின் தொண்டையில் தெரிகிறது. ‘ஸ்ட்ரேஞ்ச்லவ்’ படத்தில் அதே வேலையைப் பீட்டர் செல்லர்ஸ் செய்கிறார். மறுமுனைக் குரல் நமக்குக் கேட்பதே இல்லை. முதலில் பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறார். பிறகு நலம் விசாரிப்பு. எங்கள் தளபதி ஒருவருக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது, ஒரு காரியம் செய்துவிட்டார் என்று இழுக்கிறார். மறுமுனை கோபப்பட, எனக்கும் வருத்தம்தான் என்கிறார். யாருக்கு அதிக வருத்தம் என்று இருவருக்கும் சண்டை. கேட்டால் அணு ஆயுத வல்லரசுகள் பேசுவதாகவே தோன்றாது, ஊடல் கொண்ட தம்பதி பேசுவதாகத் தோன்றும். மறுமுனைக் குரலை எடுத்துவிட்டதுதான் இங்கே நடந்த சூட்சுமம். எதிரே இருப்பவரின் வேதனை காதில் விழாததால் நமக்கு அவர் ஒரு பொம்மை. செல்லர்ஸ் முகம்கூட அநியாயத்துக்குப் பொறுமையாக இருக்கும்.

‘ஸ்ட்ரேஞ்ச்லவ்’ வெற்றி பெற்றது. அதே ஆண்டு பின்னால் வந்த ‘ஃபெயில் சேஃப்’ நல்ல பேர் வாங்கியும் வசூலில் படுத்துவிட்டது. சிரித்துவிட்டு வந்த ரசிகர்களால் அதே கதைக்குப் பயப்பட முடியவில்லை என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். நண்பருக்கு ‘ஃபெயில் சேஃப்’தான் பிடித்தது. எனக்கும் அது நல்ல படம்தான், ஆனால் இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை.

சில படங்கள் தூரத்தை வேண்டுமென்றே அளவுக்கு மீறி வைத்துவிடும். ழாக் தாத்தியின் ‘ப்ளேடைம்’ (1967) அப்படிப்பட்டது. பாரிஸுக்கு வெளியே ஒரு நகரத்தையே அரங்கமாகக் கட்டி, 70 மி.மீ. படச்சுருளில், பல ஆண்டுகள் இழுத்து எடுத்தார். அந்தச் செலவு அவரைக் கடனில் மூழ்கடித்து, சொந்தப் படங்களின் உரிமையையே இழக்க வைத்தது. படத்தில் நெருக்கக் காட்சி என்ற பேச்சே இல்லை. திரை முழுக்க ஆட்கள், ஒரே நேரத்தில் நாலு மூலையில் நாலு வேடிக்கை. எதைப் பார்க்க வேண்டும் என்று படம் சொல்லித்தராது. ஓர் உணவு விடுதியின் கண்ணாடிக் கதவு நொறுங்கிப்போகிறது. வாயிற்காவலர் கைப்பிடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு இல்லாத கதவை மரியாதையாகத் திறந்து விட்டுக்கொண்டே இருக்கிறார். இதைக் கண்டுபிடித்துச் சிரிக்கிறவர்களுக்கு அது தங்கள் சொந்தச் சொத்து மாதிரி இருக்கும். கண்டுபிடிக்காதவர்களுக்கு இரண்டு மணி நேரம் கட்டடங்களைப் பார்த்த அலுப்பு. நண்பர் தூங்கிவிட்டார். அவரை முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். இந்தப் படத்தைக் கைபேசியில் பார்ப்பது சுவரோவியத்தை அஞ்சல்தலையில் பார்ப்பதுபோல; நாங்கள் பார்த்த திரையும் அதற்குப் போதுமானதில்லை.

திரையின் அளவைச் சொன்னால் கூட இருக்கும் ஆட்களையும் சொல்ல வேண்டும். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் ப்ரொவைன், தனியாக இருப்பதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கணக்கிட்டார். படம் எடுத்தவர்களுக்கு இது ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். மார்க்ஸ் சகோதரர்கள் ‘எ நைட் அட் தி ஓபரா’ (1935) எடுப்பதற்கு முன்பு, அதன் காட்சிகளை ஊர் ஊராக மேடையில் போட்டுப் பார்த்து, எங்கே எவ்வளவு நேரம் சிரிக்கிறார்கள் என்று அளந்துகொண்டார்கள். பில்லி வைல்டரின் ‘சம் லைக் இட் ஹாட்’ (1959) படத்தில், பெண் வேடத்தில் திரியும் ஜாக் லெமனுக்கு ஒரு பணக்காரக் கிழவரோடு நிச்சயமாகிவிட்டது. அதைச் சொல்லும் காட்சியில் வைல்டர் அவர் கையில் ஒரு ஜோடி கிலுகிலுப்பையைக் கொடுத்தார். ஒரு வசனம், பிறகு ஆடிக்கொண்டே கிலுகிலுப்பை, அப்புறம் அடுத்த வசனம். அரங்கின் சிரிப்பில் அடுத்த வரி மூழ்கிவிடாமல் இருக்க விட்ட இடைவெளி அது.

அரங்கில் அது துல்லியம். தனியாகப் பார்த்தால், இந்த ஆள் ஏன் ஒவ்வொரு வரிக்கும் நின்று ஆடிக்கொண்டிருக்கிறார் என்று இருக்கும். பழைய நகைச்சுவைப் படங்கள் ‘ஸ்லோ’ என்று சொல்கிறவர்கள் பல நேரம் இந்த இடைவெளிகளைத்தான் சொல்கிறார்கள்; அவை நாம் சிரிக்க வேண்டிய நேரம். தொலைக்காட்சி இந்தக் குறையை 1950களிலேயே உணர்ந்து, பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்க்கத் தொடங்கியது. போர்க்கள மருத்துவமனையில் நடக்கும் ‘மேஷ்’ நகைச்சுவைத் தொடர் அமெரிக்காவில் அந்தச் சிரிப்பொலியோடு வந்தது, அறுவைச் சிகிச்சை அறைக் காட்சிகள் மட்டும் விலக்கு. பிரிட்டனில் சிரிப்பொலியே இல்லாமல் ஒளிபரப்பினார்கள். இரண்டு நாட்டு ரசிகர்களும் பார்த்தது ஒரே தொடரை என்று சொல்லவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தூரமே இல்லாமல் செய்துவிடும் நகைச்சுவையும் உண்டு. மார்ட்டின் ஸ்கார்செஸியின் ‘தி கிங் ஆஃப் காமெடி’யில் ராபர்ட் டி நீரோ நடித்த ரூபர்ட் பப்கின் தன்னைப் பெரிய நகைச்சுவைக் கலைஞனாக நினைத்துக்கொண்டிருப்பவன். ஒரு தொலைக்காட்சிப் பிரபலம் பேச்சுக்குச் சொன்னதை அழைப்பாக எடுத்துக்கொண்டு, ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு, பெட்டியோடு அவருடைய வீட்டுக்கே போய் இறங்குகிறான். அவர் வந்து பார்க்கிறார். பப்கின் சிரித்த முகத்தோடு பேசிக்கொண்டே போகிறான். போய்விடு என்று நேராகச் சொன்ன பிறகும் அவனுக்கு உறைப்பதில்லை. கேமரா அந்த அறையை விட்டு நகர மாட்டேன் என்கிறது. எனக்கு அங்கே சிரிப்பு வந்தது. நண்பர் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டார். தொல்காப்பியக் கணக்கில் அது சுத்தமான பேதைமையும் மடனும். சிரிக்க வேண்டிய இடம். ஆனால் அடுத்தவர் அசிங்கப்படும்போது தாங்களே அசிங்கப்பட்டதாகக் கூசிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதயம் மரத்துப்போக மறுக்கிறது. 1983இல் அமெரிக்காவில் வெளியானபோது படம் படுதோல்வி. இன்று அதைக் கொண்டாடுகிறார்கள்.

162 நிமிடம் ஓடும் ஜெர்மன் படமான ‘டோனி எர்ட்மன்’ (2016) இதே சங்கடத்தை அன்போடு செய்கிறது. பொய்ப்பல்லும் பரட்டைத் தலைமுடியும் வைத்துக்கொண்டு, பெரிய நிறுவனத்தில் வேலை பார்க்கும் மகளின் அலுவலக வட்டாரத்துக்குள் நுழைந்து கலாட்டா செய்யும் அப்பா. மகளுக்கு நெளிச்சல், நமக்கும் நெளிச்சல். நண்பர் இதில் தலையணையைத் தேடவில்லை. அந்த அப்பாவின் ஏக்கம் தெரிந்துவிட்டதால் கூச்சம் பொறுக்கும்படியாகிவிட்டது என்றார். சாப்ளினைப் பிடிப்பதற்கு அவருக்கு இருக்கும் காரணமும் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. அவருக்கு ஆளைப் பிடித்தால்தான் சிரிப்பு வரும். எனக்கு ஆளைத் தெரியாதவரைதான் வரும்.

பேச்சு நகைச்சுவை மொழியைத் தாண்டாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே, ‘ஏர்ப்ளேன்!’ படத்தின் ஆகப் புகழ்பெற்ற வசனமே துணைத்தலைப்பில் ஆவியாகிவிடும். தாண்டுவதற்கு ஒரு வழியைச் சிங்கீதம் சீனிவாச ராவ் 1987இல் ‘பேசும் படம்’ எடுத்துக் காட்டினார். படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது. சினிமாக் கொட்டகைச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே படுத்துப் பழகிய ஏழை இளைஞனாகக் கமல்ஹாசன். நட்சத்திர விடுதியின் மெத்தையில் அமைதியில் தூக்கம் வரவில்லை. பழைய இடத்துக்குப் போய்ச் சண்டைக்காட்சிச் சத்தத்தை டேப்பில் பதிவு செய்துவந்து, அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். இதை விளக்க எந்த மொழியும் வேண்டாம். நானும் நண்பரும் ஒரே நேரத்தில் சிரித்த ஒருசில காட்சிகளில் இது ஒன்று. எங்கள் இருவரின் தூரத்துக்கும் பொருந்துகிற இடத்தில் அது நிற்கிறது: பரிதாபமும் உண்டு, பொறியமைப்பும் உண்டு.

எள்ளல் என்பதில் மட்டும் காலம் கருணை காட்டுவதில்லை. ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனிஸ்’ (1961) படத்தில் மிக்கி ரூனி பல்லைத் துருத்திக்கொண்டு ஜப்பானியராக நடித்த பாத்திரம் அன்று ஒரு சிரிப்புத் துணுக்கு. இன்று அந்தக் காட்சிகள் வரும்போது படத்தை நேசிப்பவர்களே நெளிகிறார்கள். யாரைத் தள்ளி வைத்துச் சிரித்தார்களோ அவர்கள் இன்று நம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். ‘ஏர்ப்ளேன்!’ படத்து ஜப்பானியருக்கும் இதே கதி மெல்ல வந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் அந்த இடத்தில் நான் சிரித்த சிரிப்பு முழுச் சிரிப்பு இல்லை.

காண்ட் சொன்னது போல எதிர்பார்ப்பு ஒன்றுமில்லாமல் போவதுதான் சிரிப்பு என்றால், ஒரு படத்தை இரண்டாவது முறை பார்த்துச் சிரிக்கவே முடியாது. அங்கே என்ன வரும் என்று தெரியுமே. ஆனால் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் நாகேஷ் பாலையாவிடம் படக்கதை சொல்லும் காட்சியைத் தமிழர்கள் அறுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், திரும்பத் திரும்பச் சிரிக்கிறார்கள். இந்தத் தடவை பார்க்கும்போது கவனித்தேன்: நாகேஷை நான் பார்க்கவே இல்லை. அவர் எழுப்பும் சத்தமெல்லாம் மனப்பாடம். கண் முழுக்கப் பாலையா மேல். வில்லனாக எத்தனையோ பேரை மிரட்டிப் பேர் வாங்கிய மனிதர், மகன் கட்டிவிடும் கதைக்குப் பயந்து, பயத்தை மறைக்கப் பார்த்து, மறைக்க முடியாமல் தவிக்கிறார். அவருடைய முகத்துக்கு வெகு பக்கத்தில் கேமரா இருக்கிறது. என் கணக்குப்படி அவ்வளவு பக்கத்தில் போனால் சிரிப்பு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஆளைத் தெரிந்து, பிடித்து, அவருக்காகச் சற்றுப் பயந்துகொண்டேதான் சிரித்தேன். நண்பரிடம் சொன்னேன். “அதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, காட்சியை மறுபடி முதலிலிருந்து போட்டார்.